முதலில் நிற்கட்டும்: இணையத் துன்புறுத்தலுக்குச் சட்டம் தரும் பரிகாரங்கள்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய எழுத்து வடிவம்)



சமூக ஊடகத் துன்புறுத்தலுக்கு என்ன சட்டப் பரிகாரம் உண்டு என்று பேச அழைத்தீர்கள். எந்தச் செயலுக்கு எந்தப் பிரிவு, எத்தனை ஆண்டு தண்டனை என்று ஒரு பட்டியல் படித்துவிட்டு நான் இறங்கிவிடலாம். அந்தப் பட்டியல் எந்தச் சட்டக் கையேட்டிலும் கிடைக்கும். இன்று ஒரே ஒரு கருத்தை உங்கள் முன் வைத்து அதற்காக வாதாடப் போகிறேன்.

துன்புறுத்தப்படுகிறவருக்கு மூன்று தேவைகள். தொல்லை நிற்க வேண்டும். செய்கிறவர் யாரென்று தெரிய வேண்டும். அவர் தண்டனை பெற வேண்டும். தேவைகளின் வரிசையும் அதுதான். நம் குற்றவியல் சட்டமோ மூன்றாவதிலிருந்து தொடங்குகிறது. தண்டிக்க ஆளைத் தேடுகிறது, ஆளைத் தேடச் சான்று கேட்கிறது, அதற்குள் படம் ஊர் முழுக்கச் சுற்றிவிடுகிறது. ஒரு பரிகாரத்தின் தரத்தைத் தண்டனை ஆண்டுகளால் அளக்காமல், தொல்லை நிற்க எத்தனை மணி நேரம் ஆயிற்று என்று அளக்க வேண்டும் என்பதே என் வாதம். அதை ஏழு குறிப்புகளாக விரிக்கிறேன்.

1. தமிழ்நாட்டின் இரண்டு நிகழ்வுகள்

முதலாவது 2004இல் நடந்தது. மணமுறிவு பெற்ற ஒரு பெண்ணின் பெயரில் போலி மின்னஞ்சல் கணக்கு தொடங்கி, யாகூ குழு ஒன்றில் அவரைப் பற்றி ஆபாசச் செய்திகள் போடப்பட்டன. அதை நம்பி முன்பின் தெரியாத ஆண்கள் அவருக்குத் தொலைபேசியில் பேசத் தொடங்கினார்கள். செய்தவர் குடும்பத்துக்குத் தெரிந்தவர். அந்தப் பெண்ணை மணக்க விரும்பி, மறுக்கப்பட்டவர். பிப்ரவரியில் புகார், நவம்பர் 5இல் எழும்பூர் நீதிமன்றத்தின் தீர்ப்பு. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67ஆம் பிரிவில் நாட்டிலேயே முதல் தண்டனை என்று சட்ட மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள்.

இரண்டாவது 2016 ஜூனில் சேலம் மாவட்டத்தில் நடந்தது. ஓர் இளம்பெண்ணின் முகத்தை வேறு உடலோடு ஒட்டிய படம் ஃபேஸ்புக்கில் வந்தது. குடும்பத்தார் காவல்துறையிடம் புகார் கொடுத்தார்கள். விசாரணை நடந்துகொண்டிருந்தபோதே இன்னொரு படம் வந்தது. அந்தப் பெண் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அதன்பின் சில நாட்களில் ஆள் பிடிபட்டார்.

இந்த இரண்டுக்கும் நடுவே சட்டம் வளரத்தான் செய்தது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 2008ஆம் ஆண்டுத் திருத்தம் அடையாளத் திருட்டையும், ஆள்மாறாட்ட மோசடியையும், அந்தரங்கத்தைப் படமெடுத்துப் பரப்புவதையும் தனித்தனிக் குற்றமாக்கியது. பாலியல் குற்றச் சட்டங்களை ஆராய்ந்த நீதியரசர் வர்மா குழுவின் அறிக்கைக்குப் பின் 2013இல் பின்தொடர்தல் குற்றமாயிற்று. 2014இல் தமிழ்நாடு தன் குண்டர் தடுப்புச் சட்டத்திலேயே இணையக் குற்றவாளிகளைச் சேர்த்தது. 2004இல் இருந்ததைவிட 2016இல் காவல்துறையின் கையில் பல மடங்கு அதிகாரம் இருந்தது. குறைந்திருந்தது புகாருக்கும் காவல்துறையின் செயலுக்கும் இடையே சேலத்துப் பெண்ணுக்குக் கிடைத்த நேரம்தான்.

2. 66ஏ போனபின் மிச்சம் என்ன

தொல்லை தரும் செய்தி அனுப்புவதைக் குற்றமாக்கியிருந்த, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை 2015 மார்ச் 24இல் ஷ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம் நீக்கியது. அதன்பின், ‘இனி சமூக ஊடகத்துக்குச் சட்டமே இல்லை’ என்ற பேச்சு பரவியது. அது தவறு.

அப்பிரிவு ஏன் போனது என்பதை மறக்கக் கூடாது. ‘எரிச்சலூட்டும்’, ‘அசௌகரியம் தரும்’ என்ற சொற்களுக்கு எல்லையே இல்லை. 2012இல் ஓர் அரசியல்வாதியின் மகனைப் பற்றி ட்விட்டரில் எழுதியதற்காகப் புதுச்சேரியில் ஒரு தொழில்முனைவோர் இப்பிரிவில் கைதானார். துன்புறுத்தப்படுகிறவரைக் காக்க வந்த பிரிவு, விமர்சிக்கப்படுகிறவரின் கோபத்தைத் தணிக்கவே அதிகம் பயன்பட்டது.

போனது எரிச்சல். மீந்தது உண்மையான தீங்கு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் பாலியல் துன்புறுத்தலுக்கு 75, மறைந்திருந்து படமெடுப்பதற்கும் அதைப் பரப்புவதற்கும் 77, பின்தொடர்தலுக்கு 78, பெண்ணின் கண்ணியத்தைக் குலைக்கும் சொல்லுக்கும் செயலுக்கும் 79, பணம் கேட்டு மிரட்டுவதற்கு 308, பெயரை மறைத்து மிரட்டுவது உள்ளிட்ட மிரட்டலுக்கு 351, அவதூறுக்கு 356 ஆகிய பிரிவுகள் உண்டு. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் கடவுச்சொல்லையோ அடையாளத்தையோ திருடினால் 66சி, அந்தரங்க உறுப்புகளைச் சம்மதமின்றிப் படமாக்கிப் பரப்பினால் 66ஈ, ஆபாசத்துக்கு 67, பாலியல் செயல்களைக் காட்டும் படங்களுக்கு 67ஏ, குழந்தைகள் தொடர்பானவற்றுக்கு 67பி. பகிர்ந்தவரும் தப்ப முடியாது. பெண் பத்திரிகையாளர்களை இழிவுசெய்யும் பதிவு ஒன்றைப் பகிர்ந்த பிரமுகர், ‘எழுதியவன் நானல்ல, படிக்காமல் பகிர்ந்துவிட்டேன்’ என்று சொன்னதை 2023இல் சென்னை உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. உச்ச நீதிமன்றமும் தலையிட மறுத்தது.

3. செய்தியை எண்ணும் சட்டம்

அப்படியானால் குறை எங்கே? சட்டம் ஒவ்வொரு செய்தியையும் தனியே எடுத்து, ‘இது ஆபாசமா, இது மிரட்டலா’ என்று கேட்கிறது. துன்புறுத்தல் தனிச் செய்தியில் இல்லை, தொடர்ச்சியில் இருக்கிறது. ‘இன்று நீலச் சட்டை நன்றாக இருந்தது’ என்ற வரியில் ஆபாசமும் இல்லை, மிரட்டலும் இல்லை. முன்பின் தெரியாத கணக்கிலிருந்து தினமும் காலையில் வந்தால் அதைவிட அச்சமூட்டும் வரி வேறில்லை.

இதைப் புரிந்துகொண்ட ஒரே பிரிவு 78. பெண் தன் விருப்பமின்மையைத் தெளிவாகக் காட்டிய பிறகும் திரும்பத் திரும்பத் தொடர்புகொள்வதும், அவருடைய இணையப் பயன்பாட்டைக் கண்காணிப்பதும் அதன்படி குற்றம். இதில் ஒரு நடைமுறைப் பாடமும் உண்டு. ‘எனக்கு விருப்பமில்லை, இனி தொடர்புகொள்ள வேண்டாம்’ என்று ஒருமுறை எழுத்தில் சொல்லிவிட வேண்டும். அந்த ஒரு வரி பின்னர் வழக்கின் அடித்தளமாகும். அதன்பின் பதில் எழுதக் கூடாது.

ஆனால் 78க்கு மூன்று போதாமைகள். முதலாவது, செய்பவர் ஆணாகவும் பாதிக்கப்படுபவர் பெண்ணாகவும் இருந்தால் மட்டுமே அது பொருந்தும். தொல்லைக்கு ஆளாகும் இளைஞர் மிரட்டல், அவதூறு போன்ற பொதுப் பிரிவுகளைத்தான் தேட வேண்டும். திருநங்கை, திருநம்பியருக்கு 2019ஆம் ஆண்டுத் திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 18ஆம் பிரிவு உண்டு. அதன் உச்ச தண்டனை 2 ஆண்டு. இரண்டாவது, முதல் முறை செய்தால் அது ஜாமீனில் விடக்கூடிய குற்றம். ஜாமீன் தவறல்ல. ஜாமீனில் வந்தவர் மறுநாளே புதுக் கணக்கு தொடங்குவதைத் தடுக்கும் ஆணை கூடவே வராததுதான் தவறு. மூன்றாவது, கூட்டமாகச் செய்யும் தொல்லையை இப்பிரிவு காணாது. நூறு கணக்குகள் ஆளுக்கொரு வசை எழுதினால், ‘திரும்பத் திரும்ப’ச் செய்தவர் ஒருவருமில்லை.

இங்கிலாந்தின் 1997ஆம் ஆண்டுத் துன்புறுத்தல் பாதுகாப்புச் சட்டம், நடத்தையின் தொடர்ச்சி என்பதையே குற்றத்தின் அலகாக எடுத்துக்கொண்டது. ஆண், பெண் பாகுபாடு அதில் இல்லை. ஒருவர் தூண்டிவிட மற்றவர் செய்தால் அதைத் தூண்டியவரின் நடத்தையாகவும் கொள்ளும்படி 2001இல் அதைத் திருத்தினார்கள். கூட்டுத் தாக்குதலுக்கு அங்கே ஒரு கைப்பிடி கிடைத்தது. நமக்கு அது இன்னும் இல்லை.

4. அகற்றுதல்

இனி என் வாதத்தின் நடுப்பகுதிக்கு வருகிறேன். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79ஆம் பிரிவு, பயனர் எழுதியதற்குச் சமூக ஊடக நிறுவனத்தைப் பொறுப்பாக்குவதில்லை. அந்தப் பாதுகாப்புக்கு நிபந்தனைகள் உண்டு. அவற்றை அச்சட்டத்தின்கீழ் வந்த 2021ஆம் ஆண்டு விதிகள் விரித்தன. ஒவ்வொரு நிறுவனமும் குறைதீர் அலுவலரை அமர்த்த வேண்டும். நிர்வாணப் படம், பாலியல் செயல் காட்டும் படம், ஆள்மாறாட்டம், முகம் ஒட்டிய போலிப் படம் ஆகியவற்றைப் பற்றிப் பாதிக்கப்பட்டவரோ அவர் சார்பில் ஒருவரோ புகார் கொடுத்தால் 24 மணி நேரத்துக்குள் அவற்றை முடக்க வேண்டும் என்று அவ்விதிகள் வந்தபோது கெடு வைத்தார்கள். அதன்பின் வந்த திருத்தங்களின் போக்கும் கெடுவைக் குறுக்குவதாகவே இருக்கிறது. குறைதீர் அலுவலரின் முடிவில் நிறைவில்லை என்றால் 30 நாளுக்குள் மத்திய அரசு அமைத்த குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவுக்கு இணைய வழியிலேயே போகலாம்.

இந்தப் பாதையில் முதல் தகவல் அறிக்கை தேவையில்லை, நீதிமன்ற ஆணை தேவையில்லை, செய்தவர் யாரென்று தெரிந்திருக்கவும் தேவையில்லை. நான் சொன்ன மூன்று தேவைகளில் முதலாவதை முதலாவதாகக் கவனிக்கும் முதன்மையான வழி இது. இத்தனை பயனுள்ள விதியைப் பற்றிப் பாதிக்கப்பட்டவரிடம் யாரும் சொல்வதில்லை.

அகற்றினாலும் திரும்ப முளைக்கிறதே என்பீர்கள். அதற்கும் நீதிமன்றங்கள் பதில் தேடியிருக்கின்றன. ஒவ்வொரு முறையும் பாதிக்கப்பட்ட பெண்ணே புதுப்புது இணைப்பைத் தேடி எடுத்துக்கொண்டு வர வேண்டும் என்பது முறையல்ல என்ற நிலைப்பாட்டை 2023இல் டெல்லி உயர் நீதிமன்றம் எடுத்தது. தேடுபொறிகளுக்கும் பொறுப்பு உண்டென்றது. 2025 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றத்தில், தன் அந்தரங்கக் காணொளி பரப்பப்பட்ட ஒரு பெண் வழக்கறிஞரின் மனுவில், அதை 48 மணி நேரத்துக்குள் அகற்ற நடவடிக்கை எடுக்குமாறு மத்திய மின்னணு அமைச்சகத்துக்கு நீதியரசர் என். ஆனந்த் வெங்கடேஷ் உத்தரவிட்டார். அந்த வழக்கின் தொடர்ச்சியாகவே இத்தகைய படங்களை அகற்றுவதற்கான நடைமுறையை அமைச்சகம் வகுத்தது.

தொழில்நுட்பமும் கைகொடுக்கிறது. ஒவ்வொரு படத்துக்கும் ஹாஷ் எனப்படும் எண்கோவை ஒன்றைக் கணக்கிடலாம். 2021 இறுதியில் தொடங்கிய ஸ்டாப் என்சிஐஐ என்ற சேவை இதை வைத்துச் செயல்படுகிறது. படம் உங்கள் கைப்பேசியை விட்டு வெளியே போவதில்லை. அதன் ஹாஷ் மட்டும் போகிறது. சேவையில் இணைந்த தளங்கள் அந்த ஹாஷுடன் பொருந்தும் படத்தைக் கண்டுபிடித்து நீக்குகின்றன. ‘படத்தைப் பரப்பிவிடுவேன்’ என்று ஒருவர் மிரட்டும் கட்டத்திலேயே இதைச் செய்துவைக்கலாம்.

5. அகற்றும் முன் சேமியுங்கள்

அவசரத்தில் குடும்பங்கள் முதலில் செய்வது அழிப்பது. கணக்கை மூடுவார்கள், உரையாடலை நீக்குவார்கள், கைப்பேசியையே மாற்றுவார்கள். இரண்டாவது, மூன்றாவது தேவைகள் அங்கே கைநழுவிவிடுகின்றன. பதிவு, கணக்கின் பெயர், தேதி, நேரம் நான்கும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுக்க வேண்டும். கணக்குக்கும் பதிவுக்குமான முழு இணைய முகவரியைத் தனியே எழுதிவைக்க வேண்டும். காட்சிப் பெயரை நொடியில் மாற்றலாம், முகவரிதான் ஆளிடம் கொண்டுசேர்க்கும். வாட்ஸ்அப் உரையாடலை ஏற்றுமதி செய்து வைக்க வேண்டும். செய்தி வந்த கருவியை விற்கக் கூடாது.

மின்னணுப் பதிவின் நகலை நீதிமன்றத்தில் வைக்கப் பழைய சான்றுச் சட்டத்தின் 65பி கேட்ட சான்றிதழை இன்று பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63ஆம் பிரிவு கேட்கிறது. அதில் ஹாஷ் மதிப்பையும் குறிப்பிட வேண்டும். நிபுணரின் பகுதியும் உண்டு. இதை விசாரணைக் கட்டத்துக்கு என்று தள்ளிப்போட்டு வழக்கையே இழந்தவர்கள் பலர்.

அகற்றச் சொன்னால் சான்று போய்விடுமே என்ற அச்சம் வேண்டாம். புகாரின் பேரில் நீக்கிய பதிவை, சான்று கெடாதபடி 180 நாள் நிறுவனம் வைத்திருக்க வேண்டும் என்பதும் அதே 2021 விதிகளில் இருக்கிறது. அதிகாரம் பெற்ற அரசு அமைப்பு எழுத்தில் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தகவல் தர வேண்டும். எனவே அந்த 180 நாளுக்குள் காவல்துறை கடிதம் எழுதியாக வேண்டும். மனு மேசையில் ஆறு மாதம் தூங்கினால் ஆளைக் காட்டக்கூடிய ஐபி பதிவும் போய்விடலாம்.

6. நெருங்காதே என்னும் ஆணை

படத்தை அகற்றுவது ஒரு பதிவை நிறுத்துகிறது. ஆளை நிறுத்த வேண்டுமானால் ஆளை நோக்கிய ஆணை வேண்டும். இது நமக்குப் புதிதல்ல. 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் 18ஆம் பிரிவு, மின்னணு வழியும் உட்பட எந்த வழியிலும் அந்தப் பெண்ணைத் தொடர்புகொள்ளக் கூடாது என்று ஆணையிட நடுவருக்கு அதிகாரம் தருகிறது. மீறினால் ஓராண்டு வரை சிறை. முன்னாள் கணவருக்கும், சேர்ந்து வாழ்ந்து பிரிந்தவருக்கும் எதிராக இது பயன்படும். காதலை மறுக்கப்பட்ட வகுப்புத் தோழருக்கு எதிராகப் பயன்படாது.

அந்த இடைவெளியைத் தமிழ்நாடு கவனித்திருக்கிறது. 1998ஆம் ஆண்டு ஈவ்-டீசிங் தடைச் சட்டமாகப் பிறந்து, பின்னர் பெண்கள் மீதான துன்புறுத்தல் தடைச் சட்டமாக விரிந்ததை 2025 ஜனவரியில் சட்டமன்றம் மீண்டும் திருத்தியது. மின்னணு வழித் தொல்லை அதன் வரையறைக்குள் வந்தது. தண்டனை உயர்ந்ததே செய்தித்தாள்களில் தலைப்பாயிற்று. என் பார்வையில் அதைவிட முக்கியம், பாதிக்கப்பட்ட பெண்ணைத் தொடர்புகொள்ளக் கூடாது என்று பாதுகாப்பு ஆணை பிறப்பிக்கும் ஏற்பாடு. வழக்கறிஞர் நண்பர்கள் அந்த ஏற்பாட்டைத் தயங்காமல் பயன்படுத்த வேண்டும்.

உரிமையியல் நீதிமன்றத்தின் தடையாணையும் இருக்கிறது. ஆள் யாரென்று தெரியாவிட்டாலும் வழக்குப் போடலாம். நம் உயர் நீதிமன்றத்தில் அப்படிப்பட்ட முகமற்ற எதிரிக்கு ‘அசோக் குமார்’ என்று பெயர். எழுத்து வடிவ அவதூறுக்கு இழப்பீடு கேட்பதென்றால் வெளியான நாளிலிருந்து ஓராண்டுக்குள் வழக்குத் தொடுக்க வேண்டும். தொல்லை அலுவலகத் தோழரிடமிருந்து வந்தால் 2013ஆம் ஆண்டுப் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்தின்கீழ் உள்ளகக் குழு, விசாரணை முடியும் முன்பே இடைக்கால நிவாரணமாக இடமாற்றமோ விடுப்போ பரிந்துரைக்கலாம்.

இவை நான்கு சட்டங்களில், நான்கு அலுவலகங்களில் சிதறிக் கிடக்கின்றன. சிங்கப்பூர் 2014இல் துன்புறுத்தல் பாதுகாப்புச் சட்டம் இயற்றி, 2021இல் அதற்கென்றே ஒரு நீதிமன்றம் அமைத்தது. ஆண், பெண் எவரும் போகலாம். அவசரப் பாதுகாப்பு ஆணை கேட்டால் 48 முதல் 72 மணி நேரத்துக்குள்ளும், வன்முறை அபாயம் இருந்தால் 24 மணி நேரத்துக்குள்ளும் விசாரிப்பது என்று இலக்கு வைத்தார்கள். சிறிய நாடு, வசதியான நாடு என்பது உண்மைதான். ஆனால் நேரத்தை இலக்காக வைப்பதற்கு வசதி தேவையில்லை.

7. காவல் நிலைய வாசல்

எத்தனை வழி இருந்தாலும் நம் மக்கள் முதலில் போவது காவல் நிலையத்துக்குத்தான். அங்கே அவர்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் புகாரைப் பெற்றதற்கான சிஎஸ்ஆர் ரசீது மட்டும்தான். புகாரில் பிடியாணையின்றிக் கைது செய்யக்கூடிய குற்றம் வெளிப்பட்டால் முதல் தகவல் அறிக்கை பதிவது கட்டாயம் என்று 2013இல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. இப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, எந்த நிலையத்திலும் புகார் கொடுக்கலாம் என்கிறது. மின்னணு வழியிலும் கொடுத்துவிட்டு 3 நாளுக்குள் கையெழுத்துப் போடலாம் என்கிறது. அதே சட்டத்தின் 173(3), 3 ஆண்டு முதல் 7 ஆண்டுக்குக் குறைவான தண்டனைக்குரிய குற்றங்களில் 14 நாள் பூர்வாங்க விசாரணைக்கும் இடம் தருகிறது. இணையத் துன்புறுத்தலின் முக்கியப் பிரிவுகள் பல இந்த வரம்புக்குள்தான் வருகின்றன. நிறுவனத்துக்கு மணிக்கணக்கில் கெடு, காவலருக்கு இரண்டு வாரம் அவகாசம் என்பது பொருந்தாது. உயிருக்கும் மானத்துக்கும் அஞ்சி வருகிற புகார்களில் இந்த அவகாசத்தைப் பயன்படுத்தக் கூடாதென்று காவல்துறைத் தலைமை ஒரு சுற்றறிக்கை விடலாம். அதற்குச் சட்டத்திருத்தம் தேவையில்லை.

விசாரிக்கும் விதமும் பரிகாரத்தின் ஒரு பகுதி. நான் முன்பு சொன்ன பெண் வழக்கறிஞரின் வழக்கில், ஆண் காவலர்கள் முன்னிலையில் அந்தக் காணொளியைக் கொண்டு அவரை அடையாளம் காட்ட வைத்ததை நீதிமன்றம் கண்டித்தது. அப்படி நடக்கும் என்று அஞ்சித்தான் பல பெண்கள் வாசலிலேயே திரும்பிவிடுகிறார்கள். தேசிய இணையக் குற்றப் புகார்த் தளம் பெண்கள், குழந்தைகள் தொடர்பான குற்றங்களைப் பெயர் சொல்லாமலும் தெரிவிக்க வழி வைத்திருப்பது அந்த அச்சத்தை அறிந்துதான்.

ஓர் எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். விரைவான பரிகாரம் அதிகாரத்தில் இருப்பவர் கைக்கும் விரைவாகவே போகும். 66ஏ கற்பித்தது அதுதான். எனவே நான் கேட்கும் அவசர வழி தனிமனிதரின் உடல், இருப்பிடம், அந்தரங்கம், அடையாளம் ஆகியவற்றைக் குறிவைக்கும் செயலுக்கு மட்டும் திறக்க வேண்டும். பொதுவாழ்வில் இருப்பவரின் பொதுச் செயலைப் பற்றிய கடுஞ்சொல்லுக்கு அது திறக்கக் கூடாது. அதற்கு வழக்கமான நீதிமன்றப் பாதை இருக்கிறது, எதிர்த்தரப்பைக் கேட்ட பிறகே அங்கே ஆணை வரட்டும்.

நண்பர்களே, முடிவாக ஒரு கோரிக்கை. 1987ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி எந்தப் பெண்ணும், எந்தக் குழந்தையும் வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி பெறலாம். ஒவ்வொரு மாவட்டத்திலும் அந்த ஆணைக்குழுவுக்கு அலுவலகம் இருக்கிறது. அங்கே ஒரு மேசை போடுவோம். புகாரோடு வருகிறவரை உட்கார வைத்து, அதே அமர்வில் சான்றைச் சேமித்து, நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்குப் புகார் அனுப்பி, காவல்துறை மனுவையும் பாதுகாப்பு ஆணை மனுவையும் எழுதிக் கொடுப்போம். ஆணாக வந்தாலும் திருப்பி அனுப்பாமல் முதல் இரண்டு வேலையையாவது செய்துகொடுப்போம். எந்த மணிக்கு வந்தார், எந்த மணிக்குப் படம் நீங்கியது என்று ஒரு பதிவேட்டில் எழுதிவைப்போம். அந்தப் பதிவேடு ஓராண்டு நடந்தால், அடுத்த சட்டத்திருத்தத்துக்கு எது தேவை என்பதைக் கருத்தரங்குகளில் ஊகிக்க வேண்டியிராது. இதைத் தொடங்க இந்த அவையில் இருக்கும் மாணவர்களும் வழக்கறிஞர்களும் போதும். புதிய பிரிவு எதுவும் வேண்டாம்.